நாலாம் நம்பர் தொட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று ஹோஸை நாலாம் நம்பர் தொட்டிக்குள் போட்டது நான். என் தங்கச்சி வீட்டுக்காரர் இல்லை. இந்த இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பதினாறு நாள் பிடித்தது. அந்தப் பதினாறு நாளும் அவர் தலைதான் உருண்டது.

நான் வேலை பார்ப்பது ஒரு தாவரத் தோட்டத்தில். வெப்பத்தில் வளர்கிற செடிகளுக்கென்று அங்கே பெரிய கண்ணாடி வீடு ஒன்று உண்டு. அதற்கு நான் சூப்பர்வைசர். உள்ளே போன ஐந்தாவது நிமிஷம் உடுப்பு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பதினாலு வருஷம் அந்தப் புழுக்கத்தில் நின்றுதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று நான் சொல்வேன். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று என் தங்கச்சி சொல்வாள். தோட்டத்தில் எனக்குப் பட்டாசு என்று பேர். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

கண்ணாடி வீட்டில் இரண்டு பிரமுகர்கள் இருந்தார்கள். ஒன்று பெரியாளு. மண்ணுக்குள் மூட்டை மாதிரி ஒரு கிழங்கு; பூத்தால் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும், செத்த எலி நாற்றம் அடிக்கும். பலகையில் பிணப்பூ என்று எழுதியிருக்கும். ஒன்பது வருஷமாக இலையை மட்டும் நீட்டிக்காட்டி எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்று பொடிசு. பூக்கிற செடிகளிலேயே அதுதான் சின்னது. வேர் கிடையாது, தண்டு கிடையாது, இலை என்று ஒன்றும் கிடையாது. தண்ணீர்மேல் மிதக்கிற ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான். ரவைக்குப் பச்சைச் சாயம் போட்டுத் தூவினால் எப்படி இருக்குமோ அப்படி. குண்டூசித் தலையில் பத்துப் பன்னிரண்டு உட்கார்ந்துவிடும்.

பெரியாளைத் தேடி வருகிற சனம் பொடிசு இருக்கிற நாலாம் நம்பர் தொட்டியைத் தாண்டும்போது, "ஐய, ஒரே பாசி! இதையெல்லாம் கழுவவே மாட்டாங்களா?" என்று சொல்லிவிட்டுப் போகும். கழுவாத ஆள் நான்தானே. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பொடிசின்மேல் ஒரு எரிச்சல் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

பொடிசு எங்கள் தாவரவியல்காரரின் பிள்ளை மாதிரி. கழுத்தில் கயிறு கட்டி லென்ஸைத் தொங்கவிட்டிருப்பார். பூதக்கண்ணாடி என்றால்தான் அவரைத் தோட்டத்தில் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு குட்டையிலிருந்து தன் கையாலேயே ஒரு குப்பியில் அள்ளிக்கொண்டு வந்தது அது. பிறகு அந்தக் குட்டையை மண் போட்டு மூடி பஸ் டிப்போ கட்டிவிட்டார்கள். அந்தக் குட்டையின் வம்சம் உலகத்தில் எங்கள் தொட்டியில் மட்டும்தான் மிச்சம். தனியாக ஒரு ஜாடியில் கொஞ்சம் வைத்திருந்தார், அது அந்த வருஷ வெயிலில் வெந்துபோனது. புது ஜாடி வைக்க வேண்டும், வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பதினோரு வருஷமாக வெறுமனே பெருகிக்கொண்டிருந்த பொடிசு, இதெல்லாம் நடந்த மாதம்தான் முதல் தடவையாகப் பூத்தது. அவர் போட்ட சத்தத்தில் யாரோ வழுக்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன்.

"வாங்க வாங்க! பூத்திருக்கு, பாருங்க!"

லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தேன். "எங்க சார்?"

"அதோ, உச்சியில ஒரு குழி இருக்கு பாருங்க. அதுக்குள்ள."

"குழியும் தெரியலை, பூவும் தெரியலை."

"உங்க பொறுமைக்கு யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாக்கூடத் தெரியாது," என்றார். ஆனால் சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

இனி என் தங்கச்சி வீட்டுக்காரர். தோட்டத்துக் குழாய் வேலை எல்லாம் அவர்தான். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஏழு வருஷமாகத் தற்காலிகம். மெதுவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார், ஒரு நட்டை முடுக்க மூன்று தடவை யோசிப்பார். எனக்கு அந்த மெதுவே ஆகாது. கல்யாணமான புதிதில் அவர்கள் வீட்டுச் சமையல்கட்டுக் குழாய் ஒழுகியது. "குழாய்க்காரர் வீட்டுக் குழாயே சொட்டுதே! மாப்பிள்ளைக்கு சொட்டுன்னே பேர் வச்சிடலாமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அந்தப் பேர் எப்படியோ தோட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. எப்படியோ என்ன, நான்தான் கொண்டுவந்தேன். தோட்டத்து இயக்குநர் வரைக்கும் அவரைச் சொட்டு என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த மாதக் கடைசிக்குள் வேலை நிரந்தரம் ஆகப்போகிறவர்களின் பட்டியல் மேலே போகவிருந்தது. அவர் பேர் அதில் இருந்தது. நிரந்தரமானால் தோட்டத்துக்குப் பின்னால் ஊழியர் வீடு கிடைக்கும். இப்போது இருப்பது மூன்றாம் மாடியில் இரண்டு அறை. என் தங்கச்சி தையல் மிஷினைச் சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுத் தைக்கிறாள். தைக்கிற துணியெல்லாம் எண்ணெய் வாசனை அடிக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். புது வீட்டில் மிஷினை எந்த ஜன்னலுக்கு நேராகப் போடுவது என்பது வரைக்கும் அவள் முடிவு செய்துவிட்டாள்.

பெரியாளு விரியப்போகிறது என்று தெரிந்த புதன்கிழமை, காலையிலிருந்தே வாசலில் வரிசை. அதே காலையில்தான் மாப்பிள்ளை நாலாம் தொட்டியின் மிதவை வால்வை மாற்றினார். தண்ணீர் குறைந்தால் தானே திறந்து, நிறைந்தால் தானே மூடிக்கொள்கிற சாமான் அது. பழையது துருப்பிடித்துவிட்டது. மாற்றுவதற்காகத் தொட்டித் தண்ணீரை ஒரு சாண் இறக்கியிருந்தார். புது வால்விலிருந்து தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது.

"என்ன மாப்பிள்ளை, இது நிறையறதுக்குள்ள எனக்கு வயசாயிடும் போலிருக்கே?"

"வேணும்னேதான்க்கா மெதுவா வச்சிருக்கேன். வேகமா விட்டா மேல மிதக்கறது கலைஞ்சிடும்னு சார் சொல்லிட்டுப் போனாரு. சாயந்தரத்துக்குள்ள நிறைஞ்சிடும்."

பூதக்கண்ணாடி கண் பரிசோதனைக்காக இரண்டு நாள் லீவில் இருந்தார்.

நாலரை மணிக்கும் தொட்டி நாலு விரல் குறைந்தே இருந்தது. டிவிக்காரர்கள் வரப்போகிறார்கள். இயக்குநர் அந்தப் பக்கமாக வந்தவர், தொட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த மனுஷன் வேலை என்றைக்கு நேரத்துக்கு முடிந்திருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, செடிக்கு ஊற்றுகிற ஹோஸை இழுத்துவந்து தொட்டிக்குள் போட்டுக் குழாயைத் திறந்தேன். இரண்டு நிமிஷ வேலை. நாலு விரல் ஏறியதும் மூடிவிடலாம்.

அப்போதுதான் கண்ணாடி வீட்டின் அந்தக் கோடியிலிருந்து "விரியுது, விரியுது!" என்று சத்தம் வந்தது.

ஒன்பது வருஷம் அதற்கு எருப் போட்டவள் நான். பூச்சி பொறுக்கியவள் நான். மற்றவர்கள் பார்க்கும்போது நான் மட்டும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்று இருந்தது. ஓடினேன். சுற்றியிருந்த பச்சை மடல் நுனியிலிருந்து மெல்ல மெல்லக் கழன்று இறங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் கருஞ்சிவப்பு, ஓரமெல்லாம் பாவாடை விளிம்பு மாதிரி மடிப்பு. நாற்றம் குடலைப் புரட்டியது. சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு நகராமல் நின்றது. ஒரு அம்மா, "என்ன நாத்தம், என்ன அழகு!" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். யாரோ என் தோளில் தட்டி, "பட்டாசு அழுதுடுச்சுப்பா!" என்று கிண்டல் பண்ணும் வரைக்கும் எனக்கு நான் அழுதது தெரியாது.

ஹோஸ் ஞாபகம் வந்தபோது ஐம்பது நிமிஷம் போயிருந்தது.

தொட்டியின் நாலு விளிம்பிலும் தண்ணீர் வழிந்து தரைச் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. பச்சை ஒரு பொட்டு இல்லை. குழாயை மூடினேன். ஹோஸை உருவிச் சுருட்டி, மண் கலக்கிற மேஜைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். தரை ஈரமாகாமல் இருக்க நுனியை அங்கே இருந்த என் பக்கெட்டுக்குள் போட்டேன். பிறகு தரையைத் துடைத்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் பெரியாள்மேல் இருந்தது.

இயக்குநர் இருபதடி தள்ளித்தான் நின்றார். அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் யாருடனோ கை குலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தச் சிரிப்பை ஏன் கெடுக்க வேண்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அவரே தொட்டிக்கு வந்துவிட்டார். "என்னம்மா இது, காலியா இருக்கு? லீவுல போனவர் எடுத்து வச்சிட்டாரா?"

"தெரியலைங்க சார்."

"சரி, காலியா இருந்தா நல்லா இல்ல. இறைச்சிட்டு, நல்லாத் தேய்ச்சு, வெளிக் குளத்துலேர்ந்து அல்லி நாலு சட்டி இறக்கிடுங்க. கேமரா வருது."

நான் ஆட்களை இறைக்கச் சொன்னேன். சுவரைச் சுடுதண்ணீர் ஊற்றிப் பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். தேய்க்கும்போது பக்கத்தில் நின்று, "மூலையெல்லாம் விட்டுடாதீங்க," என்றும் சொன்னேன். பதினாலு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை பூதக்கண்ணாடி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அல்லி இலைகளை ஒதுக்கிவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்து, தொட்டியின் உள்சுவரை விரலால் தடவித் தடவி லென்ஸில் பார்த்தார். ஒரு சுற்று முழுக்க அப்படியே பார்த்தார்.

"விளிம்புல ஒட்டியிருந்திருக்கும்," என்றார். "தேய்க்கறதுக்கு முன்னாடி யாராவது எனக்கு ஒரு போன் போட்டிருந்தா எடுத்திருப்பேன். ஒண்ணு போதும் அதுக்கு. ஒண்ணே ஒண்ணு."

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று பதினோரு மணிக்கு இயக்குநர் அறையில் விசாரணை. இயக்குநர், பூதக்கண்ணாடி, நான், மாப்பிள்ளை. மாப்பிள்ளை மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"புது வால்வு மூடாம ஓடியிருக்கு. அதானே?" என்றார் இயக்குநர்.

"இல்லைங்க சார். ரெண்டு தடவை கையால தூக்கிப் பாத்தேன். நின்னுச்சு."

"உன்னை எல்லாரும் சொட்டுன்னுதானே கூப்பிடறாங்க? சும்மாவா கூப்பிடுவாங்க?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். என்னைக் கூடப் பார்க்கவில்லை. நான் வைத்த பேர் அது.

"நீங்க சொல்லுங்கம்மா. சூப்பர்வைசர் நீங்க. தண்ணி வழிஞ்சதைப் பாத்தீங்களா?"

"நான் அப்ப பெரியாளுகிட்ட நின்னுட்டு இருந்தேன் சார்."

"வால்வை மாத்தினது யாரு?"

"அவர்தான் சார். காலையில."

"நேரத்துக்கு நிறைஞ்சுதா?"

"இல்லைங்க சார். சாயந்தரம்கூட நிறையலை."

மூன்று பதிலும் உண்மை. ஒரு பொய் கூடச் சொல்லாமல் ஒரு மனுஷனைக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் கால்மேல் கால் போடாமல் பவ்யமாக உட்கார்ந்திருந்தேன். விளக்கம் எழுதித் தரவேண்டும், அது வரும் வரைக்கும் பட்டியலில் அவர் பேர் நிறுத்திவைப்பு என்று இயக்குநர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் சந்தேகம் வரும் என்று பயந்து போனேன், அதுதான் நிஜம். மாப்பிள்ளை மேஜையில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கசக்கிய தாள் மூன்று கீழே கிடந்தது. தங்கச்சி மிஷினை நிறுத்திவிட்டுப் பொரிந்து தள்ளினாள்.

"நீயே கேளுக்கா இந்த நியாயத்தை. தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்கன்னு நாலு வரி எழுதிக் கொடுத்தா அந்த மனுஷன் மனசு எளகும். இவர் என்னடான்னா, நான் சரியாத்தான் மாட்டினேன், சரியாத்தான் மாட்டினேன்னு அதையே எழுதிட்டு இருக்காரு!"

"சரியாத்தான் மாட்டினேன்," என்றார் மாப்பிள்ளை.

"அப்ப தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? கூரையைப் பிச்சுக்கிட்டா? அக்கா அங்கயேதானே இருந்துச்சு? வால்வு சரியா இருந்தா அக்கா சொல்லியிருக்காதா? உங்களுக்காகப் பேசாதா?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க அந்தப் பக்கம் வந்தப்ப வால்வுல தண்ணி ஓடிட்டு இருந்துச்சா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"ஞாபகம் இல்ல மாப்பிள்ளை," என்றேன்.

அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். தங்கச்சி சொல்லச் சொல்ல எழுதினார். பாதியில் நிறுத்தி, "அக்கா, கவனக்குறைவுக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா?" என்று கேட்டார்.

"பெரிய ற," என்றேன்.

அதைச் சொன்ன வாயை நான் என்ன செய்வது? படியிறங்கும்போது இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி ஏறிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு படி ஏறினேன். பிறகு இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை ஹோஸ் வேண்டியிருந்தது. மேஜைக்குப் பின்னால் போய் நுனியைப் பக்கெட்டிலிருந்து எடுத்தேன். தண்ணீர்மேல் ஏதோ தூசி. துடைக்கக் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பச்சைத் தூசி. கண்ணை இடுக்கிக்கொண்டு எண்ணினேன். பதினாலு.

ஹோஸின் ஈர ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பதினோரு வருஷ வம்சத்தில் பதினாலே பதினாலு பேர், என் அழுக்குப் பக்கெட்டில். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அப்படியே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பூதக்கண்ணாடியிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடினால் முதல் கேள்வி என்ன கேட்பார்? இது உங்கள் பக்கெட்டுக்குள் எப்படி வந்தது? பக்கெட்டை ஒரு பலகையால் மூடினேன். வெளிச்சம் இல்லாமல் செத்துவிடுமே என்று பலகையை எடுத்தேன். கடைசியில் கண்ணாடிச் சுவர் ஓரமாக, பெரிய இலைச் செடி ஒன்றின் மறைவில் வைத்தேன்.

ஒவ்வொரு நாளும் யாரும் வருவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பேன். பதினாலு முப்பதாச்சு. முப்பது அறுபதுக்கு மேல் போச்சு. அப்புறம் எண்ண முடியவில்லை. பெரியாளு இரண்டே நாளில் துவண்டு, நடுத்தண்டு ஒடிந்து சாய்ந்துவிட்டது; நாங்கள்தான் வெட்டி எடுத்துப் போட்டோம். சனம் வருவதும் நின்றுவிட்டது. என் பக்கெட்டில் மட்டும் ஒரு கை அகலத்துக்குப் பச்சை படர்ந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமும் வரும், கூடவே யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் வரும். என் தங்கச்சி தினமும் போன் பண்ணுவாள். "அவர் சரியாச் சாப்பிடலைக்கா, முகத்தைத் தூக்கி வச்சிருக்காரு. தப்பையும் பண்ணிட்டு ரோஷத்தைப் பாரு!" என்பாள். நான் ம், ம் என்பேன்.

இரண்டு வாரம் கழிந்த வியாழக்கிழமை, எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. பக்கெட்டைக் கொண்டுபோய் நாலாம் தொட்டியில் கவிழ்த்துவிட்டால் என்ன? பொடிசு திரும்பி வந்துவிடும். எங்கோ ஒரு மூலையில் ஒட்டியிருந்தது பெருகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நஷ்டமே இல்லை என்றால் குற்றம் ஏது? மாப்பிள்ளைக்கும் வேலை, பூதக்கண்ணாடிக்கும் பொடிசு, எனக்கும் மானம். அல்லியை எடுக்கச் சொல்லி ஏற்கனவே உத்தரவு வந்திருந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்து அல்லியை எடுத்துவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பூதக்கண்ணாடி பார்த்துவிட்டார். லென்ஸை எடுத்துக் குனிந்தார். ஒரு பத்து நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. பிறகு அந்த முகம் சுருங்க ஆரம்பித்தது.

"சுடுதண்ணி ஊத்தித் தேய்ச்ச தொட்டி," என்றார். "ரெண்டு வாரமா நான் தினம் பாத்துட்டு இருக்கேன். நேத்து வரைக்கும் ஒண்ணு கிடையாது. இன்னைக்கு ஆயிரம் இருக்கு. எப்படி?"

"எங்கயாவது ஒட்டிட்டு இருந்திருக்கும் சார்."

"இல்லம்மா. அல்லிச் சட்டியோட வந்து இலைக்கடியில பெருகியிருக்கும், அல்லியை எடுத்ததும் இப்ப வெளிய தெரியுது. வெளிக் குளத்துலேர்ந்துதானே கொண்டுவந்தாங்க? அங்கயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கும். கண்ணால பாத்து வித்தியாசம் சொல்ல முடியாது." லென்ஸைக் கழுத்தில் விட்டுவிட்டு நிமிர்ந்தார். "எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியாத செடியை நான் அந்தக் குட்டைச் செடின்னு எழுதினா, அப்புறம் என் பதினோரு வருஷ நோட்டுக்கும் மதிப்பு இல்ல. உங்களுக்கு இது பாசி. ஊர் தெரியலைன்னா எனக்கும் இது பாசிதான். நாளைக்குக் காலையில வடிச்சு எடுத்துட்டுக் காயவிட்டுடலாம்."

அதே மத்தியானம் இயக்குநரிடம், வேறு ஏதோ பேச்சோடு பேச்சாக, மாப்பிள்ளை விஷயம் என்ன ஆச்சு சார் என்று கேட்டுப் பார்த்தேன். "அவர்தான் தன் கவனக்குறைவுன்னு எழுதியே கொடுத்துட்டாரே. இனிமே என்ன இருக்கு? நாளைக்கு மத்தியானம் பட்டியல் போகுது, அவர் பேர் இல்லாம," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பூதக்கண்ணாடி மெல்லிய துணி ஒன்றைக் கொண்டுவந்து, தொட்டியில் இறக்கி வடிக்கக் குனிந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பதினாலு வருஷத்தில் அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம் சார். அது உங்க குட்டையோடதுதான்."

"எப்படித் தெரியும்?"

"என் பக்கெட்லேர்ந்து ஊத்தினேன்."

"பக்கெட்டுக்கு எப்படி வந்தது?"

"ஹோஸ்ல ஒட்டிட்டு வந்தது."

"எந்த ஹோஸ்?"

"அன்னைக்கு இந்தத் தொட்டியில போட்ட ஹோஸ். நான்தான் போட்டேன். போட்டுட்டுப் பூவைப் பாக்கப் போயிட்டேன். வால்வு சரியாத்தான் இருந்துச்சு சார், அந்த மனுஷன் ஒரு தப்பும் பண்ணலை."

துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, முதலில் நோட்டை எடுத்தார். தேதி கேட்டார். பக்கெட்டில் முதலில் எத்தனை பார்த்தீர்கள் என்று கேட்டார். பதினாலு என்றேன். வேறு செடி எதையாவது அதில் முக்கினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டு நோட்டை மூடினார்.

"ரெண்டு வாரமா நான் என் வீட்டுல யார்கூடவும் சரியாப் பேசலை," என்றார். "பன்னெண்டு நாளா இது உயிரோட இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

இயக்குநர் அறைக்கு நானே போனேன். இந்தத் தடவை நான் நின்றேன். கண்ணாடி வீட்டுச் சாவியை அவர் மேஜைமேல் வைக்கச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வெளி நாற்றங்காலில் மற்ற ஆட்களோடு மண் கலக்கிற வேலை. அது நியாயம், அதைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. பட்டியலில் மாப்பிள்ளை பேரை என் கண் முன்னாலேயே எழுதினார். எழுதும்போது "அவர் முழுப் பேர் என்ன?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

மாப்பிள்ளை பம்பு அறையில் இருந்தார். விஷயம் எனக்கு முன்னாலேயே அவரிடம் போயிருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி, காலில் விழாத குறையாக நின்றேன். அவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"விடுங்கக்கா," என்றார். "பயத்துல யாருக்கும் வாய் வராது. கடைசியில சொல்லிட்டீங்கள்ல. அந்தச் செடி பொழைச்சுதே, அதுவே பெருசு."

"நாலு திட்டு திட்டுங்க மாப்பிள்ளை. எனக்கு அது வேணும்."

"எனக்குத் திட்ட வராதுக்கா. வேலை கெடக்கு, போயிட்டு வாங்க."

நிஜமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் செத்தேன் என்று நினைத்தேன். சாயந்தரம் தங்கச்சியிடமும் சொல்லிவிடலாம், அவள் கத்துவாள், ரெண்டு நாள் பேசமாட்டாள், அப்புறம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

கதவு திறந்தே இருந்தது. தங்கச்சி மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை.

"தெரியும். தோட்டத்துலேர்ந்து போன் வந்துச்சு," என்றாள்.

"என்னை என்ன வேணும்னாலும் சொல்லுடி."

"உன்னைச் சொல்ல என்ன இருக்கு?" அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டோம். "தினமும் கேட்டாருக்கா. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, எழுந்திரிச்சதும் ஒரு தடவை. ஊர் நம்பலைன்னா போகட்டும், நீயாவது என்னை நம்புறியான்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்க அக்காவுக்குக் கோபம் வரும், பொய் வராதுன்னேன். உன்னைக் காட்டி அவரைப் பொய்க்காரர் ஆக்கினேன். நான்தானே அவர் கையைப் பிடிச்சு எழுத வச்சேன்?"

"நான் அவர்கிட்ட பேசிட்டேன். அவர் மனசுல ஒண்ணும் இல்லடி. விடுங்கக்கான்னு சொல்லிட்டாரு."

"உன்கிட்ட சொன்னாரா?"

"சொன்னாரு."

"நானும் போன் பண்ணி மன்னிச்சிடுங்கன்னேன். என்கிட்ட அதைச் சொல்லலை," என்றாள்.

அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை உள்ளே வந்தார். "வாங்கக்கா, எப்ப வந்தீங்க? உக்காருங்க," என்று முகம் மலரச் சொன்னார். பையைக் கீழே வைத்தார். தன் பேர் ஏறிய பட்டியலின் நகலை மடித்து அலமாரியில் வைத்தார். தேநீர் போடப் பாத்திரத்தை எடுத்தார். அவள் எழுந்து, "நான் போடறேன்," என்றாள். அவர் காதில் விழாதவர் மாதிரி அடுப்பைப் பற்றவைத்தார். மெதுவாகத்தான் எல்லாம் செய்தார், எப்போதும் போல. தேநீரை வடிகட்டி, ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தார். ஒன்றை எனக்கு முன்னால் வைத்தார். இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

இரண்டு டம்ளர்தான் இருந்தது.

நான் என்னுடையதை என் தங்கச்சி பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"உனக்குத்தான் போட்டிருக்காரு," என்றாள். "நீயே குடி."